குறி சொல்லும் கை

அம்மாவுக்கு இடுப்பு வலி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதை ஒரு நோயாக நான் பார்க்க ஆரம்பித்தது ரொம்பப் பிந்தித்தான். அதுவரை அது வீட்டில் கேட்கிற சத்தங்களில் ஒன்று. காலையில் பாயிலிருந்து எழும்போது ஒரு "யம்மா". சொளவை மடியிலிருந்து இறக்கி வைக்கும்போது இன்னொரு "யம்மா", கொஞ்சம் நீளமாக. தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் பீடி சுற்றுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த ராகம் தெரியும்.

போன சீசனில் இலஞ்சிப் பக்கம் ஒரு ஆசானிடம் அம்மாவைக் கூட்டிப்போனேன். ஒன்பது நாள் எண்ணெய் வைத்தியம். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, ஆசானின் மனைவிதான் பெண்களுக்குத் தடவுவார். நான் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். கையில் குற்றாலக் குறவஞ்சி. குற்றாலத்துக்காரன் குற்றாலக் குறவஞ்சியை முழுசாகப் படித்ததில்லை என்று ஒரு நண்பன் கேலி செய்துவிட்டான், அந்த ரோஷம். படிக்கப் படிக்க ஒரு சந்தேகம். உள்ளே நடப்பதும் கையிலிருக்கும் புத்தகத்தில் நடப்பதும் ஒன்றுதானோ? இந்தக் கட்டுரை அந்தச் சந்தேகத்தின் பின்னால் போனதுதான்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடியது. பந்தாடிக்கொண்டிருக்கும் வசந்தவல்லி, உலா வரும் திரிகூடநாதரைப் பார்த்து மயங்குகிறாள். உடம்பு கொதிக்கிறது, நிலவு சுடுகிறது. அப்போது சிங்கி என்கிற குறத்தி வருகிறாள். தன் மலையைப் பாடுகிறாள், கையைப் பிடிக்கிறாள், குறி சொல்கிறாள்.

இதைக் காதல் இலக்கியமாகத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து படித்தபோது எனக்கு அது வைத்தியசாலைக் காட்சியாகத் தெரிந்தது. உடம்பு முடியாத ஒருத்தி. வெளியிலிருந்து வருகிற ஒரு கை. அந்தக் கை தொடுவதற்கு முன்னால் ஒரு நீண்ட பேச்சு. பள்ளிப் பாடத்தில் குரங்குகளும் தேனருவியுமாக நாம் மனப்பாடம் செய்த மலைப் பகுதியை வெறும் இயற்கை வருணனை என்று விட்டுவிடுகிறோம். அது சிங்கியின் தகுதிச் சான்றிதழ். 'நான் எங்கிருந்து வருகிறேன் தெரியுமா?' என்பதுதான் அந்தப் பாட்டு. குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்ப் போத்தல்களோடு நிற்கிறவர்களிடம் ஐந்து நிமிஷம் பேச்சுக் கொடுங்கள். பொதிகை மலை, அகத்தியர், தாத்தா காலத்து ஏடு, மூன்றுமே வந்துவிடும். ஆசானின் சுவரிலும் அகத்தியர் படம். கொஞ்சம் வசதியான இடங்களில் 'ஒரிஜினல் கேரளா' என்று போர்டு. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பக்கத்திலிருக்கும் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திரு-கொச்சி ஆட்சியில் இருந்த ஊர்தான். தொக்கணமும் கிழியும் இங்கே எல்லைக்கல் பார்த்துப் பழகியதில்லை.

தொக்கணம் என்றால் சித்த மருத்துவத்தில் உடம்பைப் பிடித்துவிடுகிற முறை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. 1964இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இதெல்லாம் பாடம். இந்த ஒன்பது சொற்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒன்றுகூட நோயின் பெயர் இல்லை, உறுப்பின் பெயர் இல்லை. எல்லாம் வினைகள், கை செய்கிற காரியங்கள். எனக்கு இதில் ஒரு மரியாதை உண்டு. என்ன செய்கிறேன் என்று மட்டும் சொல்கிற மொழி அது. உனக்கு என்ன ஆகிவிட்டது என்று அது சொல்வதில்லை.

சிக்கல் அந்தக் கைக்கு வாய் முளைக்கும்போது தொடங்குகிறது.

முதல் நாள் ஆசான் அம்மாவை நிற்கவைத்துப் பார்த்தார். ரெண்டு விரலால் முதுகுத்தண்டு வழியாகக் கீழே இறங்கினார். "இங்கன பூட்டு விலகிருக்கு" என்றார். பிறகு கேட்டார்: "எப்பம்மா விழுந்தீக?"

அம்மா விழவில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல ஒரு மாதிரி இருந்திருக்கும்போல. யோசித்தார். "சின்னப் பிள்ளையில கெணத்துப் படியில வழுக்கினேன்" என்றார். ஆசான் தலையாட்டினார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வழுக்கல் சட்டென்று பதினோரு வருஷ வலிக்குக் காரணமாகி உட்கார்ந்துகொண்டது. ஒரு கதை பிறப்பதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

இந்தக் கேள்வி ஆசானின் சொந்தக் கேள்வி இல்லை. அவர் படித்த ஏடுகள் கேட்கிற கேள்வி. கன்னியாகுமரி, நெல்லைப் பகுதிகளில் புழங்கும் வர்ம நூல்கள் நோய் நூல்களாகத் தொடங்கியவை அல்ல. அடிமுறையோடு சேர்ந்து வளர்ந்தவை. வர்மம் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எந்த இடத்தில் அடி விழுந்தால் என்ன குணம் தெரியும், எத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும் என்று போகிற பாடல்கள். எதையும் நேராகச் சொல்லாது, பாதியைப் பரிபாஷையில் மறைத்து வைக்கும். குரு காலடியில் பல வருஷம் கிடந்தவனுக்குத்தான் மீதி. இலக்கியமாகப் படித்தால் அபாரமான பரபரப்பு உள்ள நூல்கள். ஒவ்வொரு பாட்டிலும் ஒருவன் விழுந்து கிடக்கிறான், இன்னொருவன் நேரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு அவனை எழுப்பப் பார்க்கிறான்.

அந்த வகைமையை அப்படியே தூக்கி ஒரு பீடிக்காரம்மாவின் இடுப்பில் வைத்தால்? அங்கே அடித்தவன் யாரும் இல்லை. விழுந்த நேரம் இல்லை. அடிக்காக எழுதப்பட்ட இலக்கணம் அடியைத் தேடும், கிடைக்காவிட்டால் உண்டாக்கிக்கொள்ளும். எலைன் ஸ்கேரி 1985இல் வந்த 'வலியில் உடல்' பற்றிய தன் புத்தகத்தில், வலியைச் சொல்ல மொழியில் சொற்கள் குறைவு, அதனால் ஒரு ஆயுதத்தை அல்லது ஒரு காயத்தைக் கற்பனை செய்துதான் அதைப் பேசுகிறோம் என்கிறார். குத்துது, வெட்டி இழுக்குது, ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. யோசித்தால் நாமும் அப்படித்தான் பேசுகிறோம். வர்ம ஏடு அந்த 'மாதிரி'யை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நாட்டு வைத்தியத்தைக் கிழிக்க வந்த கட்டுரை என்று இதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். ஆசானிடம் போவதற்கு ஆறு வருஷம் முன்பு அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். எல்4–எல்5 இடத்தில் டிஸ்க் பிதுங்கல், தேய்மானம் என்று ரிப்போர்ட். அதைப் பார்த்த மருத்துவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஜவ்வு தேஞ்சு போச்சும்மா. இனிமே குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது. பெல்ட் போட்டுக்கோங்க" என்றார். மூன்று நிமிஷம் இருக்கும். அந்த மூன்று நிமிஷம் எங்கள் வீட்டில் ஐந்து வருஷம் ஓடியது. அம்மா குனிவதை விட்டார். தண்ணீர்க்குடம் எடுப்பதை விட்டார். பேரப்பிள்ளையைத் தூக்கவில்லை. கோயிலில் விழுந்து கும்பிடுவதை விட்டது அவருக்குப் பெரிய குறை. "தேஞ்சு போச்சு"ங்கிற சொல்லை அவர் சோப்புக்கட்டியை நினைத்துக்கொண்டுதான் கேட்டிருப்பார். அசைந்தால் இன்னும் தேயும், அசையாவிட்டால் மிஞ்சும். பீடி மட்டும் நிற்கவில்லை. அது உட்கார்ந்து செய்கிற வேலைதானே, குனிகிற வேலை இல்லையே!

வலியே இல்லாத ஆட்களை வைத்து எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. மூவாயிரம் பேருக்கு மேல். இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், ஐம்பது வயதில் 80 சதவீதம், எண்பதில் 96. பிதுங்கலும் அப்படியே: ஐம்பது வயதில் 60 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. அம்மாவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. ரிப்போர்ட்டில் இருந்தது பொய் இல்லை. தலைநரை மாதிரி ஒரு உண்மை. அதை வலியின் காரணம் என்று வாசித்ததுதான் பிழை. நீண்ட நாள் இடுப்பு வலிகளில் பெரும்பான்மைக்கு இன்ன எலும்பு, இன்ன ஜவ்வு என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது என்பதுதான் இன்றைய மருத்துவமே சொல்வது. (சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது, காய்ச்சலோடோ காரணமில்லாத எடைக் குறைவோடோ வருகிற வலி, புற்றுநோய் வந்தவர்களுக்கு வருகிற புது வலி — இதெல்லாம் வேறு சங்கதி. இதற்குத் தைலம், ஆசான் என்று நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முதல் இரண்டும் என்றால் அன்றைக்கே.)

ஆக, 'பூட்டு விலகிருக்கு' என்பதும் 'ஜவ்வு தேஞ்சு போச்சு' என்பதும் ஒரே வகைக் கதை. உடம்பு ஒரு இயந்திரம், அதில் ஒரு பாகம் கெட்டுவிட்டது. ஒன்று ஓலையிலிருந்து வருகிறது, மற்றது ஃபிலிமிலிருந்து. ஆசானுடைய கதையில் குறைந்தபட்சம் ஒரு நல்ல முடிவு உண்டு, விலகினதைப் பூட்டிவிடலாம். 'சடக்'கென்று ஒரு சத்தம் கேட்கும், எல்லோருக்கும் திருப்தி. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்துக்குள் வாயுக்குமிழி உண்டாவதால் வருவது, விரல் சொடக்கு எடுப்பது மாதிரிதான். எலும்பு எங்கேயும் போகவுமில்லை, வரவுமில்லை. இடுப்பு மூட்டை இப்படிச் சொடுக்கி எடுப்பதற்கு முன்னும் பின்னும் துல்லியமாக அளந்து, இடம் மாறவே இல்லை என்று 1998இலேயே ஸ்வீடன்காரர்கள் காட்டிவிட்டார்கள். ஆனாலும் சத்தத்துக்கு அப்புறம் வலி கொஞ்சம் குறைவது நிஜம்.

கை வேலை செய்கிறது, கை சொல்கிற விளக்கம்தான் தவறு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2020 கணக்குப்படி உலகத்தில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி. உடற்பயிற்சி, விளங்கச் சொல்லிக்கொடுத்தல் இவற்றோடு மசாஜையும் முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சையையும் அது சேர்த்துக்கொள்கிறது. ஆதாரம் வலுவானது என்று சொல்லவில்லை, செய்து பார்க்கலாம் என்கிறது. வழக்கமாக வேண்டாம் என்கிற பட்டியலில் இடுப்பு பெல்ட்டும் டிராக்‌ஷனும் இருக்கின்றன. எங்கள் வீட்டுப் பெல்ட் இப்போது சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை கட்ட உதவுகிறது.

அதே சமயம், எல்லாக் கைகளையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசில்லை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு போகும் என்பது ஊர் வழக்கம். காலால் பிறந்தவன் மிதித்தாலும் போகுமாம். இளவட்டம் ஒருத்தன் சுளுக்குக்கு மிதி வாங்கிக்கொண்டால் சிரித்துவிட்டுப் போகலாம். எலும்பு பலம் குறைந்த எழுபது வயது ஆச்சி முதுகில் ஏறினால் அது குற்றம். சீசனில் முளைக்கிற சில மசாஜ் கடைகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். என்ன நோய், என்ன வயது என்று ஒரு கேள்வி கிடையாது, எண்ணெய் ஊற்றி முறுக்க வேண்டியது.

குறவஞ்சிக்குத் திரும்புகிறேன். சிங்கி எந்த இடத்தில் இவர்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி? குறி சொல்வதற்கு முன்னால் அவள் தரையை மெழுகச் சொல்கிறாள், கோலம் போடச் சொல்கிறாள், பிள்ளையார் வைக்கச் சொல்கிறாள். சடங்கு, நாடகம் எல்லாம் முழுசாக உண்டு. ஆனால் குறி என்று வரும்போது வசந்தவல்லியின் உடம்பில் எது கெட்டுப்போயிருக்கிறது என்று அவள் தேடவில்லை. உன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று சொல்கிறாள். நீ ஒருத்தன்மேல் ஆசைப்பட்டிருக்கிறாய். வசந்தவல்லிக்குக் கோபம் வருகிறது. கன்னியாக இருக்கிற என்னைப் பார்த்து என்ன பேச்சுப் பேசுகிறாய் என்று எகிறுகிறாள். எனக்குப் பிடித்த இடம் அதுதான். சரியான குறி முதலில் எரிச்சல் மூட்டும். ஏனென்றால் அது நமக்கே தெரிந்த விஷயம்.

இந்தக் கோபத்துக்குப் பயந்துதான் நம் வைத்தியர்கள் எலும்பைப் பேசுகிறார்களோ என்று தோன்றுகிறது. ஆசானிடமே கேட்டுவிட்டேன். ஐந்தாம் நாள், கொஞ்சம் பழகின பிறகு. "ஆசானே, நிஜமாவே பூட்டு விலகுமா?"

சிரித்தார். "தம்பி, பூட்டு விலகிருக்குன்னு சொன்னாத்தான் வைத்தியம்னு நம்புதாக. உக்காந்து உக்காந்து வலிக்கின்னு சொன்னா, இதுக்கா துட்டு குடுத்து வந்தோம்னு எந்திச்சுப் போயிருவாக."

பிறகு அவராகவே மனைவியிடம் ஒரு சொளவு எடுத்துவரச் சொன்னார். அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து, "பீடி சுத்துத மாதிரி உக்காருங்கம்மா பாப்போம்" என்றார். அம்மா வலது காலை மடக்கி இடது காலைக் கொஞ்சம் நீட்டி, சொளவை மடியில் சாய்த்து, கழுத்தைத் தொங்கப்போட்டார். கை தன்னால் அசைய ஆரம்பித்தது. இலை இல்லை, தூள் இல்லை, நூல் இல்லை. வெறுங்காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆசான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"ஆயிரம். முந்தி ஆயிரத்தி இருநூறு."

"எத்தன வருசமா?"

"பதினாலு வயசுல இருந்து."

விரலில் கணக்குப் போடப் பார்த்து விட்டுவிட்டார். எப்போது விழுந்தீர்கள் என்கிற கேள்வியை மறுபடி அவர் கேட்கவில்லை.

குறவஞ்சியின் பின்பாதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சிங்கன் தன் சிங்கியைத் தேடி அலைகிறான், கடைசியில் கண்டுபிடிக்கிறான். அவள் உடம்பு முழுக்க நகை. அவனுக்கு அது நகையாகத் தெரியவில்லை. காலில் கிடக்கிற சிலம்பு பெரிய விரியன் பாம்பாகத் தெரிகிறது, கடித்துவிட்டதோ என்று பதறுகிறான். பாடகம் நெளிகிற மண்புழுவாகத் தெரிகிறது. செத்த தவளையை ஏன் காலில் கட்டியிருக்கிறாய் என்கிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறாள்: இது இன்ன நாட்டில் குறி சொல்லி வாங்கியது, அது இன்னார் கொடுத்தது. நகைச்சுவைப் பகுதி என்று உரையாசிரியர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். எனக்குத் திண்ணையில் சிரிப்பு வரவில்லை. சிங்கி பெற்ற கூலி சிங்கனுக்குக் காயமாகத் தெரிகிறது. எங்கள் வீட்டில் இது தலைகீழ். முப்பத்தெட்டு வருஷக் கூலி வேலை அம்மாவின் இடுப்பில்தான் தங்கியிருக்கிறது. அதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் எலும்பும் ஜவ்வுமாகத் தெரிந்தது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வசந்தவல்லியின் கையை சிங்கி பார்த்தாள். நாடு நாடாக நடந்து திரிந்த சிங்கியின் உடம்பு வலியை யார் பார்த்தார்கள்? கவிராயருக்கு அந்த நினைப்பு வரவில்லை. அவருக்கு மதுரை நாயக்கர் நிலம் கொடுத்தார், அந்த இடத்துக்கு இன்றும் குறவஞ்சிமேடு என்று பெயர். குறத்தியின் பேரில் நிலம் வாங்கிய கவிஞர், குறத்தியின் காலுக்கு ஒரு கை எண்ணெய் வைத்திருக்கலாம். இதை இலக்கிய விமர்சனம் என்று ஒத்துக்கொள்வீர்களா தெரியவில்லை.

ஒன்பது நாளும் முடிந்தது. உளுந்துத் தைலம், நொச்சி இலை ஒத்தடம், தொக்கணம். ஆசானின் மனைவி கடைசி மூன்று நாளும் அம்மாவைக் குனிய வைத்தார். முதலில் முழங்கால் வரை, அப்புறம் கணுக்கால் வரை. "ஒண்ணும் ஒடைஞ்சுராது, குனிங்கக்கா" என்று சொல்லிச் சொல்லியே குனிய வைத்ததாக அம்மா சொன்னார். வைத்தியத்தில் எது வேலை செய்தது என்று கேட்டால் இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் பாதி மார்க் போடுவேன். மீதி பாதி அந்தக் கைச்சூட்டுக்கு. தைலத்துக்கு என்ன மிச்சம் என்று கேட்காதீர்கள், ஆசான் கோபித்துக்கொள்வார்.

வலி போகவில்லை. குறைந்திருக்கிறது. இப்போது சுவரோரம் சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்து சுற்றுகிறார். இரண்டு கட்டு கட்டினதும் எழுந்து முற்றத்தில் ஒரு நடை. ஆயிரம் என்பது எழுநூறு ஆகிவிட்டது. குறைந்த முந்நூறுக்கு எந்த வைத்தியத்திலும் தைலம் இல்லை. அதை நான் அனுப்புகிறேன். அனுப்ப முடியாத பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆசான் முக்காலியைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

வைத்தியம் முடிந்த மறுவாரம் ஐந்தருவிக்குப் போனோம். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் போன அம்மா அரைமணி நேரம் கழித்து வந்தார், உதடெல்லாம் நீலம் பாரித்து, புடவை சொட்டச் சொட்ட. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"தண்ணி நல்லா அடிக்கி. முதுகக் குடுத்துட்டு நின்னேன். பக்கத்துல ஒரு கேரளாக்காரி. அவளுக்கும் இடுப்பு வலியாம். ரப்பர் பால் எடுக்கப் போறவளாம்" என்று துண்டை வாங்கித் தலையைத் துவட்டினார்.

"ஒரு நாளைக்கு எத்தன மரம்னு கேட்டேன். முந்நூறுங்கா."